கம்பி கட்டிய வாய்

என் கீழ்த்தாடை இரண்டு இடங்களில் உடைந்தது. அடித்தவர் பெயர் முருகையன். அடித்தது வண்டியைத் தூக்கும் ஜாக்கியின் இரும்பு ராடால். அந்த நேரத்தில் நான் அவருடைய சொந்தத் தம்பியின் தொடையிலிருந்து பீறிட்ட இரத்தத்தை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதச் சொன்னது என் நாத்தனார் ஸ்டெல்லா. "வர்றவங்களுக்கெல்லாம் கதை சொல்லிக்கினே இருந்தா ஒட்டின தாடை மறுபடியும் வுட்டுடும் அண்ணி. ஒரு தடவை எழுதி வச்சிடுங்க" என்றாள். ஆம்புலன்ஸில் வேலை செய்கிறவர்கள், அவர்களை வேலைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்பவர்கள், வாயில் கம்பி கட்டிக்கொண்டு ஏதோ ஒரு வார்டில் பயந்துபோய்ப் படுத்திருப்பவர்கள், இவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கோபப்படாமல் எழுத இரண்டு முறை உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. ஆகவே இது கோபத்தோடுதான் இருக்கும்.

என் பெயர் ஆரோக்கியமேரி. திண்டிவனத்தில் ஆம்புலன்ஸ் டெக்னீஷியன். ஓட்டுநர் வண்டியைப் பார்த்துக்கொள்வார். பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து மூச்சையும் நாடியையும் இரத்தத்தையும் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் வண்டியின் ஓட்டுநர் பழனிவேல் அண்ணன். பல வருடங்களாக ஒரே வண்டி. என் வீட்டுக்காரர் அந்தோணி பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருசக்கர வண்டி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார்.

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குகிற சமயம் அது. காலை பத்து மணி இருக்கும். மரக்காணம் சாலையில் பெருமுக்கல் தாண்டி ஒரு வளைவில் பைக்கும் மினி லாரியும் மோதிவிட்டதாக அழைப்பு வந்தது. நாங்கள் உடனே கிளம்பினோம். வழியில் சாலை போடுவதற்காக ஒரு பக்கத்தை அடைத்திருந்தார்கள். சைரன் அலறியும் எதிரே வந்த பஸ் கடந்த பிறகுதான் எங்களால் நகர முடிந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாற்பது ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். "இப்பத்தான் வர்றீங்களா" என்று நாலு பக்கமிருந்தும் குரல். அது பழகிப்போனது. எல்லா இடத்திலும் அதுதான் எங்களுக்கு வரவேற்பு.

கீழே கிடந்தவர் பெயர் பிரகாஷ் என்று பிறகு தெரிந்தது. முப்பது வயதுக்குள் இருப்பார். இடது தொடை எலும்பு உடைந்து சதையைக் கிழித்து வெளியே தெரிந்தது. இரத்தம் ஒழுகவில்லை, துள்ளியது. துள்ளினால் இரத்தக்குழாயில் அடி என்று அர்த்தம். சில நிமிடங்களில் ஆள் போய்விடலாம். நான் மண்டியிட்டு, துணியை மடித்து வைத்து, என் முழு எடையையும் அதன்மேல் போட்டு அழுத்தினேன். பழனி அண்ணன் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுவதற்கான பட்டையை எடுக்க வண்டிக்கு ஓடினார்.

அப்போதுதான் முருகையன் வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, "எந்தம்பிடா, எந்தம்பிடா" என்று கத்திக்கொண்டே வந்தார். பக்கத்தில் நின்ற லோடு ஆட்டோவைக் காட்டி, "தூக்குங்கடா இவன. இவங்கள நம்பினா பொணந்தான்" என்றார். நாலு பேர் கையைக் காலைப் பிடிக்க வந்தார்கள்.

"தூக்காதீங்க. கை எடுத்தா ரத்தம் போயிடும். ரெண்டு நிமிஷம் குடுங்க, கட்டிட்டு நாங்களே ஏத்திடறோம்" என்றேன். தலையை நிமிர்த்தக்கூட இல்லை. என் கண் துணியின் மேலேயே இருந்தது.

அடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று நான் பார்க்கவில்லை. காதுக்குள் ஏதோ முறியும் சத்தம். வாய் முழுக்க இரும்பின் ருசி. ஒரு பல் நாக்கின்மேல் கல்லைப்போல் கிடந்தது. நான் சாய்ந்தேன் என்று பழனி அண்ணன் சொல்கிறார். எனக்கு நினைவிருப்பது, என் கை விட்ட இடத்திலிருந்து இரத்தம் மறுபடியும் துள்ளியதும், நான் தவழ்ந்து போய் அதன்மேல் திரும்பவும் கையை வைத்ததும்தான். இதில் வீரம் எதுவும் இல்லை. அடுப்பில் பால் பொங்கினால் தன்னாலே கை போகிறதே, அதுபோலப் போனது.

இரத்தத்தைப் பார்த்ததும் கூட்டம் பின்வாங்கியது. ராடைக் கீழே போட்டுவிட்டு முருகையன் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. பழனி அண்ணன் பட்டையை இறுக்கிக் கட்டி, இரண்டு பேரைக் கெஞ்சிக் கூப்பிட்டு, பிரகாஷை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார். அதே வண்டியில் என்னையும் ஏற்றினார்.

தாடை இரண்டு பக்கமும் உடைந்தால் நாக்கைப் பிடித்து நிறுத்த ஆதாரம் இருக்காது. மல்லாந்து படுத்தால் அது பின்னுக்குச் சரிந்து மூச்சுக்குழாயை அடைத்துவிடும். எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன்: படுக்காதீங்க, முன்னால குனிஞ்சி உக்காருங்க, ரத்தம் வெளிய ஒழுகட்டும். அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குனிந்து உட்கார்ந்தேன். குனிந்தவாக்கில் எதிரே இருந்தது பிரகாஷின் தொடை. பட்டை கட்டியும் கசிந்துகொண்டிருந்தது. அழுத்தினேன். என் வாயிலிருந்து ஒழுகியது அவர் கால்மேலேயே ஒழுகியது. பாதி நினைவில் இருந்த அவர் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார். திண்டிவனம் வரைக்கும் அப்படியே வந்தோம்.

திண்டிவனத்தில் முதலுதவி செய்து இருவரையும் விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். வேறொரு வண்டி, வேறொரு டெக்னீஷியன். எனக்குத் தெரிந்த பெண்தான். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். நான் அவள் கையைத் தட்டிக் கொடுத்தேன்.

விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குள் நான் எத்தனையோ முறை ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். தள்ளப்பட்டது அதுதான் முதல் முறை. சி.டி. ஸ்கேன் எடுக்கும் அறைக்கு வெளியே காத்திருந்தபோது அந்தோணி வந்து சேர்ந்தார். கையில் கிரீஸ்கூடத் துடைக்காமல் வந்திருந்தார். என் முகம் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. என்னைத் தாண்டிப் போய் அடுத்த ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். பிறகு என் யூனிஃபார்மின் பெயர்ப்பட்டையைப் பார்த்துத் திரும்பி வந்தார். என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சி.டி. ஸ்கேன் என்பது எலும்பைத் துண்டு துண்டாகப் படம் பிடித்துக் காட்டுவது. படத்தை வெளிச்சத்தில் வைத்து டாக்டரம்மா அந்தோணிக்கு விளக்கினார். "வலது பக்கம் இங்க முறிஞ்சிருக்கு. அடி விழுந்தது அங்கதான். ஆனா இடது பக்கம் காதுகிட்டயும் முறிஞ்சிருக்கு, பாருங்க. தாடை ஒரு வளையம் மாதிரி. கண்ணாடி வளையல ஒரே எடத்துல மட்டும் ஒடைக்க முடியாது இல்லையா."

வீக்கம் வடியும்வரை அறுவை சிகிச்சை செய்ய முடியாது என்றார். வலியைவிட மோசமானது அந்தக் காத்திருப்பு. முறிந்த எலும்புகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் என் தலைக்குள்ளேயே கேட்கும். எச்சில் விழுங்குவதற்கு முன்னால் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். கீழ் உதடு மரத்துப்போயிருந்தது. தாடைக்குள் ஓடும் உணர்வு நரம்பு நசுங்கியிருக்கிறது, திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்கள். இன்றைக்கும் வலது ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மரத்தே இருக்கிறது. அங்கே டீ ஒழுகினால் எனக்குத் தெரியாது. அந்தோணி தன் உதட்டைத் தொட்டுக் காட்டுவார், நான் துடைத்துக்கொள்வேன்.

அறுவை சிகிச்சையில் முறிந்த இடங்களைச் சேர்த்துச் சிறிய டைட்டானியம் தகடுகள் வைத்துத் திருகினார்கள். மயக்க மருந்துக் குழாயைக்கூட மூக்கு வழியாகத்தான் விட்டார்கள். ஏனென்றால் முடிந்ததும் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிடுவார்கள். எலும்பு ஒட்டும்வரை தாடை அசையக் கூடாது. அத்தனை வாரங்களுக்கும் வாய் திறக்காது.

கண் விழித்தபோது கட்டில் கம்பியில், தலைமாட்டில், ஒரு சின்னக் கட்டிங் பிளேயரை நூல் போட்டுக் கட்டியிருந்தார்கள். வாந்தி வந்தால் வெளியே போக வழியில்லை; மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அப்படி வந்தால் உடனே கம்பியை வெட்ட வேண்டும். எந்த இடத்தில் வெட்டுவது என்று நர்ஸ் ஸ்டெல்லாவுக்குக் காட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஸ்டெல்லா என் பக்கத்தில் தரையில் பாய் போட்டுப் படுத்தாள். நான் இருமினாலே எழுந்து பிளேயரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உண்மையைச் சொன்னால், எனக்கு வாந்தியைப் பற்றி இருந்த பயத்தைவிட ஸ்டெல்லா தூக்கக் கலக்கத்தில் எதை வெட்டிவிடுவாளோ என்ற பயம் அதிகமாக இருந்தது.

எனக்கு எல்லாமே நீராகத்தான். கேப்பைக் கூழைக் கரைத்துத் துணியில் வடிகட்டி, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே சிரிஞ்சால் விடுவாள். மல்லாட்டையை ஊற வைத்து அரைத்துப் பால் எடுத்துக் கொண்டு வருவாள். பக்கத்துக் கட்டிலில் யாராவது வடை தின்றால் எழுந்து போய் நடுவில் நிற்பாள், எனக்குத் தெரியாமல் இருக்க. அவளும் நானும் வீட்டில் போட்ட சண்டைகள் கொஞ்சமல்ல. ஆனால் அந்த வார்டில் அவள் எனக்குத் தாய்.

கம்பி கட்டிய வாயால் பேச முடியும், பல்லைக் கடித்துக்கொண்டு. தண்ணீர் கேட்டால்கூடச் சண்டைக்குப் போவதுபோல் இருக்கும். அது எனக்கு உதவியாகவே இருந்தது என்று பிறகு தெரிந்தது.

பழனி அண்ணன் அன்றைக்கே புகார் கொடுத்திருந்தார். அப்போது அவர்களுக்குத் தெரிந்தது என் முகத்து வீக்கம் மட்டும்தான், ஸ்கேன் எடுக்கவில்லை. ஆகவே 'அடித்துக் காயப்படுத்தியது' என்ற சாதாரணப் பிரிவில் வழக்கு பதிவானது. முருகையன் ஒரு வழக்கறிஞரோடு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு அன்றே ஜாமீனில் வீட்டுக்குப் போய்விட்டார். நான் கூழ்த்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தார்.

டாக்டரம்மாதான் எனக்குச் சொன்னார். சட்டத்தில் சாதாரணக் காயம் வேறு, கொடுங்காயம் வேறு. எலும்பு முறிந்தாலே, பல் போனாலே கொடுங்காயம். அதுவும் ஒருவர் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும்போது தடுப்பதற்காகச் செய்தால் பத்து ஆண்டு வரை போகலாம். மருத்துவப் பணியில் இருப்பவர்களைத் தாக்கினால் அதற்குத் தனிச் சட்டமும் இருக்கிறது. "நான் சான்றிதழ்ல கொடுங்காயம்னு எழுதிட்டேன். பிரிவை மாத்தச் சொல்லி நீங்கதான் வுடாம கேக்கணும்" என்றார்.

வாக்குமூலம் வாங்க வந்த ஏட்டய்யா நல்ல மனிதர்தான். ஆனால் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, நீ தினம் அந்த ரோட்டுல போய்க்கினு வரப்போற. அவரும் தம்பிய அப்படிப் பார்த்த பதட்டத்துல பண்ணிட்டாரு. கேஸ வாபஸ் வாங்கிக்கினு ராசியா போயிட்டா எல்லாருக்கும் நல்லது."

"பிரிவ மாத்துங்க சார்" என்றேன் பல்லுக்கு நடுவே. மூன்று முறை அதையே சொன்னேன். அவர் பேனாவைத் திறந்தார்.

பதட்டம் என்கிறார்கள். நான் போகிற எல்லா இடத்திலும் பதட்டம்தான். யாரும் சந்தோஷமாக ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதில்லை. பிள்ளையை இழந்த தாய் என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள், நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்தத் துக்கம் எனக்குப் புரியும். ஆனால் துக்கம் இருந்தால் இரும்பை எடுக்கலாம் என்று ஆகிவிட்டால், என் வேலை நடக்கும் ஒவ்வொரு இடத்திலும் என்னை அடிப்பதற்கு அனுமதி இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அடுத்ததாக வந்தவர்கள் முருகையனின் மாமாவும் அவர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரும். ஒரு பை நிறைய ஆப்பிள் கொண்டுவந்திருந்தார்கள். ஸ்டெல்லா பையைத் திறந்து பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள்.

"இத எது வழியா குடுக்கணும்னு டாக்டர கேட்டுக்கினு வந்தீங்களா" என்றாள்.

பெரியவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தோணியிடம்தான் பேசினார். "தம்பி, உங்க கடை மெயின் ரோட்டு மேல இருக்குது. நாங்களும் அங்கதான் வந்து போறோம். எதுக்கு பேஜாரு. ஆஸ்பத்திரிக்கு இனிமேல ஆவற செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம். வீட்டுக்காரம்மாவ ஒரு கையெழுத்து போடச் சொல்லுங்க."

அது மிரட்டலா, அக்கறையா என்று பிரிக்க முடியாத குரல். அந்தோணி தலையைக் குனிந்துகொண்டார். "யோசிச்சிச் சொல்றேங்க" என்றார். அவர்கள் போனதும் அன்றைக்கு முழுதும் நான் அவரோடு பேசவில்லை. மறுநாள் அவரே ஆரம்பித்தார்.

"எனக்குப் பயமா இருக்குது மேரி. பத்து வருசம் அவன உள்ள வச்சா உன் தாடை பழையபடி ஆயிடுமா?"

"ஆவாது."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

நான் பல்லைக் கடித்தபடி மெதுவாகச் சொன்னேன். என்மேல் விழுந்த அடி எனக்கு மட்டும் விழவில்லை. நான் சாய்ந்து கிடந்த அந்தச் சில நொடிகள் பிரகாஷின் இரத்தம் பிடிப்பாரில்லாமல் போனது. நாளைக்கு என்னைப்போல ஒரு பெண் நடு ரோட்டில் மண்டியிடும்போது முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தால், அந்த நேரத்துக்குள் யாரோ சாவார்கள். கை ஓங்குகிறவனுக்கு ஒரு நொடி சிறை நினைவுக்கு வர வேண்டும். அது ராசியாகப் போன கேஸ்களால் வராது.

இவ்வளவையும் சொல்லி முடிக்க எனக்கு வெகு நேரம் ஆனது. நடுவில் எச்சில் ஒழுகியது. அவர் துடைத்துவிட்டார். பிறகு கேட்டார்: "திரும்பியும் அந்த வண்டியில ஏறத்தான் போறியா?"

"ஆமா."

"அப்ப கேஸும் நடக்கட்டும்" என்றார்.

அந்த வாரத்தில் ஒரு மதியம், பார்வையாளர் நேரத்தில், ஒல்லியான ஒரு பெண் வார்டு வாசலில் நின்றாள். பிரகாஷின் மனைவி தேவி. பிரகாஷ் அதே ஆஸ்பத்திரியில், இரண்டு மாடி மேலே இருந்தார். இரத்தக்குழாயைத் தைத்து, எலும்புக்குக் கம்பி வைத்துக் காலைக் காப்பாற்றிவிட்டார்கள். தேவி என் கட்டிலருகே வந்து நின்று, "அக்கா, எங்க மூத்தார் பண்ணது தப்புதான். அவர் இல்லன்னா இவரையும் என்னையும் பாக்க ஆளில்ல. அவருக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. மன்னிச்சிடுங்கக்கா" என்றாள்.

எனக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை. அவள் கண்ணுக்கடியில் கரு வளையம். சரியாகத் தூங்கிச் சாப்பிட்ட முகமில்லை அது. அன்று பழனி அண்ணனும் என்னைப் பார்க்க வந்திருந்தார். அவர்தான் கேட்டார்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் கால யார் புடிச்சிக்கினு வந்தாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"டிரைவர் நீங்கதானேங்க?"

"நான் வண்டி ஓட்டினேம்மா. பின்னால வேற யார் இருந்தாங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். பழனி அண்ணன் நடந்ததைச் சொன்னார். அவளுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. அடி விழுந்ததும் நான் வேறு வண்டியில் போய்விட்டதாகத்தான் வீட்டில் பேச்சாம். தேவி என் கையைத் தொட வந்து, தொடாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

பிரிவு மாறியது. ஒரே நாளில் மாறவில்லை. அந்தோணியும் பழனி அண்ணனும் எங்கள் ஆம்புலன்ஸ் சங்கத்தார் சிலரும் நடையாய் நடந்தார்கள். முருகையன் கைதாகிச் சில வாரம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தார். கடைக்கு வரும் வண்டிகள் கொஞ்சநாள் குறைந்தன. பிறகு வந்தன. பழுதான வண்டிக்கு எந்த ஊர்ப் பகையும் கிடையாது.

கம்பியை அவிழ்த்த நாளில் என் வாய் திறந்துவிடும் என்று நினைத்தேன். திறக்கவில்லை. அசையாமல் இருந்த தசை இறுகிப் போயிருந்தது. ஒரு விரல்கூட நுழையாது. ஐஸ் குச்சி போன்ற பட்டைக் குச்சிகளைப் பல்லுக்கு நடுவே ஒவ்வொன்றாகச் சொருகி, தினமும் ஒன்று கூட்ட வேண்டும். கண்ணில் நீர் கொட்டும். ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு வசவு. யாரை வைதேன் என்று சொல்லத் தேவையில்லை. மூன்று விரல் நுழையும் அளவுக்கு வந்ததும் வேலைக்குத் திரும்பினேன்.

வழக்கு நடந்தது விழுப்புரத்தில். தள்ளிப்போய்த் தள்ளிப்போய் ஒருவழியாக விசாரணைக்கு வந்தது. கூட்டத்தில் நின்ற ஐம்பது பேரில் ஒருவர்கூட எதையும் பார்க்கவில்லை. ஒருவர் அப்போது செல்போனில் பேசிக்கொண்டிருந்தாராம். இன்னொருவர் மாட்டைத் தேடிக்கொண்டிருந்தாராம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்னைக் கேட்டார்: "நீங்க பதட்டத்துல கால் தடுக்கி, ஸ்ட்ரெச்சர் மேல விழுந்து தாடை ஒடைஞ்சிருக்கலாம் இல்லையா?"

"மண்டி போட்டிருந்தவளுக்குக் கால் எப்படிங்க தடுக்கும்?" என்றேன். நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டார்.

அப்புறம் பிரகாஷை அழைத்தார்கள். அவர் அரசுத் தரப்புச் சாட்சிப் பட்டியலில் இருந்தார், ஆனால் அண்ணனுக்கு எதிராகப் பேசுவார் என்று யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. கக்கத்தில் ஊன்றுகோலோடு சாட்சிக் கூண்டில் ஏறினார். தேவி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முருகையன் எதிரே நின்றார்.

"எங்க அண்ணன் என்னத் தூக்கி வளத்தவரு" என்று ஆரம்பித்தார். கேஸ் போய்விட்டது என்று நினைத்தேன். "அவரு அடிச்சத நான் பாத்தேன். நெனவு இருந்துச்சி. அந்தம்மா வுழுந்ததும் என் காலு சில்லுனு ஆச்சி. திரும்பி வந்து கை வச்சாங்க. வண்டியில கண்ணத் தொறந்தப்ப அவங்க வாயில ரத்தம் கொட்டிக்கினு இருந்துச்சி, கைய எடுக்கல. நான் பொய் சொன்னா இந்தக் கால ஊனி நிக்க முடியாதுங்க."

முருகையன் கூண்டில் நின்றபடி அழுதார். எனக்குப் பாவமாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் பாவமாக இருப்பது வேறு, விட்டுவிடுவது வேறு.

குற்றம் நிரூபணமானதும், தண்டனை பற்றிய வாதத்துக்கு முன்னால் அரசு வழக்கறிஞர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "ரெண்டு பொண்ணுங்க இருக்குதும்மா. முதல் குற்றம். நான் ரொம்ப அழுத்திக் கேக்கணுமா, கொஞ்சம் விட்டுப் புடிக்கட்டுமா? உங்க மனசுல இன்னா இருக்குது?"

அந்தோணி என்னைப் பார்த்தார். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். அந்த இரண்டு பெண்களையும் நான் வெளியே மரத்தடியில் பார்த்திருந்தேன். சின்னவள் தேவியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"முழுசா கேளுங்க சார்" என்றேன். "கொறைக்கறது ஜட்ஜய்யா வேலை. கேக்கறது என் வேலை."

மூன்று ஆண்டு கடுங்காவல் கொடுத்தார்கள். நான் கேட்டதைவிடக் குறைவு. ராசி பேச வந்தவர்கள் நினைத்ததைவிட மிக அதிகம். மேல்முறையீடு போட்டிருக்கிறார்கள். நடக்கட்டும். எந்தக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டாலும் போவேன். இப்போது வாய் நன்றாகத் திறக்கிறது. கடமையில் இருப்பவர்களைக் கொடூரமாக அடிப்பவர்களுக்குத் தண்டனையைக் கூட்ட வேண்டும் என்று எங்கள் சங்கம் கூட்டம் போட்டால் அங்கேயும் போய்ப் பேசுவேன். பழிவாங்கத் துடிக்கிறாள் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அவர்கள் வீட்டுக்கும் ஒருநாள் நாங்கள்தான் போக வேண்டியிருக்கும். போவோம்.

போன வாரம் கோலியனூர் பக்கம் ஒரு விபத்து. விழுப்புரத்தில் ஒரு நோயாளியை இறக்கிவிட்டுப் பக்கத்திலேயே இருந்ததால் எங்களை அனுப்பினார்கள். டிராக்டர் கவிழ்ந்து ஒரு பெரியவருக்கு இடுப்பில் அடி. நான் மண்டியிட்டுக் கையில் ஊசி ஏற்றி குளுக்கோஸ் போட்டுக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்று கத்த ஆரம்பித்தார். பெரியவரின் மருமகன். லுங்கியை மடித்துக் கட்டிய வாட்டசாட்டமான ஆள். "இன்னா ஆடி அசைஞ்சி வர்றீங்க, உயிர் போனா நீ குடுப்பியா" என்று வாய்க்கு வந்தபடி.

வலது தாடை ஓரம் தன்னால் இறுகியது. பழனி அண்ணன் கூட்டத்துக்கும் எனக்கும் நடுவே வந்து நிற்கப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணால் சொல்லிவிட்டு, திரும்பி அந்த ஆளை நேராகப் பார்த்தேன்.

"திட்டணும்னா நல்லா திட்டிக்கோங்கண்ணே" என்றேன். "ஆனா இந்த பாட்டில ஒசரத் தூக்கிப் புடிச்சிக்கினு திட்டுங்க."

அவர் ஒரு நொடி விழித்தார். பிறகு வாங்கிப் பிடித்தார். விழுப்புரம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பாட்டிலை இறக்கவே இல்லை. திட்டுவதையும் நிறுத்தவில்லை.